பொதுக் கழிப்பிடமும் ஊர்ப் பணமும்

முன்னுரை

"சுத்தம் சோறு போடும்" என்பது நம் முன்னோர் வாக்கு. சோற்றைப் பற்றியும், அதற்குச் சுவையூட்டும் உப்பைப் பற்றியும் நாம் எத்தனையோ கட்டுரைகள் எழுதியிருக்கிறோம். ஆனால் உண்டபின் ஒவ்வொரு மனிதருக்கும் வரும் தேவையைப் பற்றி எழுதவோ பேசவோ கூச்சப்படுகிறோம். பேசக் கூசும் பொருளுக்குப் பணம் ஒதுக்கவும் ஊர் கூசும். அந்தக் கூச்சத்தின் விலையைப் பெரும்பாலும் பெண்களே கொடுக்கிறார்கள். ஆதலால், பொதுக் கழிப்பிடத்தை யார் கட்டுகிறார்கள், அதற்குரிய பணம் எங்கிருந்து வருகிறது, கட்டிய பிறகு அது ஏன் பூட்டிக் கிடக்கிறது என்பவற்றைக் குடிமையியல் பாடமாகவே இங்கு ஆராய்வோம்.

விழுப்புரம் மாவட்டத்தில், கிழக்குக் கடற்கரைச் சாலையின் மீது அமைந்த பேரூர் மரக்காணம். சங்க இலக்கியம் கூறும் எயிற்பட்டினம் இதுவே என்பது அறிஞர் பலரின் கருத்து. தூத்துக்குடி, வேதாரண்யம் ஆகியவற்றுக்கு அடுத்தபடியாகத் தமிழகத்தில் உப்பு விளையும் இடமும் இதுவே. மூவாயிரம் ஏக்கருக்கு மேல் பாத்திகள் பரந்து கிடக்கின்றன. தை மாதத்தில் தொடங்கும் வேலை, வடகிழக்குப் பருவமழை வரும்வரை நடைபெறும்.

உப்பளம் என்பது நிழலற்ற வெட்டவெளி. மரம் கிடையாது, மறைவுக்கு ஒரு புதரும் கிடையாது. ஆண்கள் எங்காவது ஒதுங்கிவிடுவர். கூடை சுமக்கும் பெண்கள் விடியுமுன் ஒதுங்கிவிட்டு வந்து, பொழுது சாயும்வரை அடக்கிக்கொள்கிறார்கள். அதற்காகவே தண்ணீர் குடிப்பதையும் குறைத்துக்கொள்கிறார்கள். தமிழகத்து உப்பளங்களில் வேலை செய்யும் பெண்கள் ஒரே குரலில் கூறும் செய்தி இது. உச்சி வெயிலில் உழைக்கும் உடலுக்குத் தண்ணீர் குறைந்தால் மயக்கமும், சிறுநீர்ப் பாதையில் தொற்றும், கல்லடைப்பும் வரும். மாதவிலக்கு நாட்களின் துன்பத்தைத் தனியே கூற வேண்டியதில்லை.

யாருடைய கடமை?

பொதுக் கழிப்பிடம் என்பது ஆள்வோர் மனமிரங்கித் தரும் கொடையன்று. சட்டம் விதித்த கடமை. 1939-ம் ஆண்டுச் சென்னைப் பொதுச் சுகாதாரச் சட்டம், பொதுக் கழிப்பிடம் அமைத்துக் காக்கும் பொறுப்பை உள்ளாட்சி மன்றங்களிடம் ஒப்படைத்தது. 1994-ம் ஆண்டுத் தமிழ்நாடு ஊராட்சிகள் சட்டத்தின் 110-ம் பிரிவு, கிராம ஊராட்சி கட்டாயம் செய்யவேண்டிய பணிகளை வரிசைப்படுத்துகிறது. சாலை, தெருவிளக்கு, சாக்கடை, குடிநீர், இடுகாடு ஆகியவற்றோடு பொதுக் கழிப்பிடம் அமைப்பதும், அதனைத் துப்புரவு செய்ய ஏற்பாடு செய்வதும் அப்பட்டியலில் உள்ளன.

அரசியலமைப்பின் 73, 74-வது திருத்தங்கள் 1993-ல் நடைமுறைக்கு வந்தன. ஊராட்சிகளுக்கு உரிய 29 இனங்களைக் கூறும் 11-வது அட்டவணையில் "சுகாதாரமும் துப்புரவும்" இடம்பெற்றது. நகராட்சிகளுக்கும் பேரூராட்சிகளுக்கும் உரிய 18 இனங்களைக் கூறும் 12-வது அட்டவணையில், தெருவிளக்கு, பேருந்து நிறுத்தம் ஆகியவற்றோடு பொதுக் கழிப்பிடமும் சேர்க்கப்பட்டது. ஆகவே மரக்காணம் பேருந்து நிலையத்தில் கழிப்பிடம் வேண்டுமென்றால் பேரூராட்சியைக் கேட்க வேண்டும். அடுத்துள்ள சிற்றூர்களில் வேண்டுமென்றால் அந்தந்த ஊராட்சியைக் கேட்க வேண்டும். இந்த வேறுபாட்டை அறியாமல், மனுவை ஓர் அலுவலகத்திலிருந்து இன்னோர் அலுவலகத்துக்குத் தூக்கிச்செல்வோர் பலர்.

பணம் எங்கிருந்து வருகிறது?

ஊரின் பணப்பெட்டிக்கு இரண்டு வாசல்கள் உண்டு. முதல் வாசல் ஊரின் சொந்த வருவாய். வீட்டு வரி, தொழில் வரி, குடிநீர்க் கட்டணம், கடைகளுக்கான உரிமக் கட்டணம், சந்தைக் குத்தகை போன்றவை இதில் அடங்கும். இரண்டாம் வாசல் மேலிருந்து வரும் மானியம். மாநில நிதி ஆணையத்தின் பரிந்துரைப்படி மாநில அரசும், மத்திய நிதி ஆணையத்தின் பரிந்துரைப்படி மத்திய அரசும் பணம் அனுப்புகின்றன. பதினைந்தாவது நிதி ஆணையம் 2021 முதல் 2026 வரையிலான காலத்துக்கு ஊராட்சிகளுக்குப் பரிந்துரைத்த மானியத்தில் நூற்றுக்கு அறுபது பங்கு, குறிப்பிட்ட பணிகளுக்கென்றே கட்டப்பட்ட பணம். அதில் பாதி குடிநீருக்கும், மறுபாதி துப்புரவுக்கும் உரியது.

இவையன்றித் தனித் திட்டங்களும் உண்டு. 2014 அக்டோபர் 2-ந் தேதி தொடங்கிய தூய்மை இந்தியா திட்டத்தில், தகுதியுள்ள சிற்றூர்க் குடும்பம் ஒன்று வீட்டிலேயே கழிப்பறை கட்ட 12,000 ரூபாய் ஊக்கத்தொகை வழங்கப்பட்டது. அத்திட்டத்தின் இரண்டாம் கட்டத்தில் ஊர்ப் பொதுச் சுகாதார வளாகம் ஒன்றுக்கு 3 லட்சம் ரூபாய் வரை அனுமதிக்கப்பட்டது. இதில் நூற்றுக்கு எழுபது பங்கு திட்டப் பணம். முப்பது பங்கு நிதி ஆணைய மானியம். பராமரிப்போ ஊராட்சியின் பொறுப்பு. கடைசியாகக் கூறிய இச்சிறு வாக்கியத்தை நன்கு நினைவில் வைத்துக்கொள்ள வேண்டும். சிக்கல் முழுவதும் அதற்குள்தான் இருக்கிறது.

கட்டுவதும் காப்பதும்

கட்டுவது ஒருமுறைச் செலவு. காப்பது நாள்தோறும் செலவு. கட்டடத்துக்குத் திறப்பு விழா உண்டு, கல்வெட்டு உண்டு. துடைப்பத்துக்கும் பிளீச்சிங் பவுடருக்கும் விழா எடுப்பார் எவருமிலர்.

தமிழகமே இதற்குச் சான்று. 2001 முதல் 2004 வரையிலான ஆண்டுகளில், ஊராட்சிதோறும் ஒன்று என்னும் நோக்குடன், பன்னிரண்டாயிரத்துக்கும் மேற்பட்ட மகளிர் சுகாதார வளாகங்கள் கட்டப்பட்டன. கழிப்பறைகளோடு குளியலறை, துணி துவைக்கும் கல், தண்ணீர்த் தொட்டி, மோட்டார் ஆகியவையும் அமைந்தன. நாட்டிலேயே வேறெங்கும் எளிதில் காண முடியாத நல்ல முயற்சி அது. ஆயினும் பல ஊர்களில் மோட்டார் பழுதானது, தண்ணீர் நின்றது, மின்கட்டணம் யார் கட்டுவது என்பது தெரியவில்லை, கதவில் பூட்டு தொங்கியது. எனவே 2011-12-ம் ஆண்டில் அரசு மீண்டும் பெரும் பொருள் செலவிட்டு அவற்றைப் பழுதுபார்க்க வேண்டியதாயிற்று. மாதந்தோறும் சிறு தொகையைச் செலவிடாததால், பத்தாண்டுக்குள் பெருந்தொகை தேவைப்பட்டது. ஓட்டை விழுந்தபோதே கூரையை மாற்றாதவன் கதை போன்றதே இதுவும்.

உப்பளக் கரையில் இச்செலவு இன்னும் கூடுதல். உப்புக்காற்று இரும்புக் கதவையும் தாழ்ப்பாளையும் அரித்துத் தின்றுவிடும். ஆகவே இரும்புக்குப் பதிலாக ஃபைபர் கதவு வேண்டும். நிலத்தடி நீர் உவர்ப்பாதலால் நல்ல தண்ணீரைக் குழாய் மூலமோ லாரி மூலமோ கொண்டுவர வேண்டும். கடலோரத்தில் நிலத்தடி நீர் மேலேயே நிற்கும்; சாதாரண உறிஞ்சு குழி வெட்டினால் கழிவு நீரோடு கலந்துவிடும். அதனால் கசியாத தொட்டி கட்டி, நிறைந்ததும் லாரி வைத்து எடுத்துச்சென்று, சுத்திகரிக்கும் இடத்தில் சேர்க்க வேண்டும். அத்தகைய கசடு சுத்திகரிப்பு நிலையம் தமிழகத்தில் முதன்முதலாக 2017-ல் மதுராந்தகத்தை அடுத்த கருங்குழிப் பேரூராட்சியில் தொடங்கப்பட்டது. சிறிய பேரூராட்சியாலும் இது முடியும் என்பதற்கு அந்த ஊர் எடுத்துக்காட்டு.

காசு வாங்கலாமா?

பராமரிப்புக்குப் பணம் வேண்டுமானால், பயன்படுத்துவோரிடமே வாங்கினால் என்ன என்ற கேள்வி எழுகிறது. இது பழைய கேள்வி. 1851-ல் லண்டனில் நடந்த பெரும் பொருட்காட்சியில் ஜார்ஜ் ஜென்னிங்ஸ் என்பவர் அமைத்த கழிப்பறைகளை, ஆளுக்கு ஒரு பென்னி கொடுத்து எட்டு லட்சத்துக்கு மேற்பட்டோர் பயன்படுத்தினர். நம் நாட்டில் சுலப் இயக்கத்தை 1970-ல் தொடங்கிய பிந்தேஷ்வர் பாடக், 1974-ல் பாட்னா நகரில் 48 இருக்கைகள் கொண்ட கட்டணக் கழிப்பிடத்தைத் திறந்தார். சுத்தமாக இருந்தால் மக்கள் காசு கொடுப்பார்கள் என்பதை அது காட்டியது.

ஆனால் கட்டணத்தின் மறுபக்கத்தையும் பார்க்க வேண்டும். பல இடங்களில் ஆண்கள் சிறுநீர் கழிக்கக் கட்டணமில்லை. பெண்கள் எதற்குச் சென்றாலும் காசு கொடுக்க வேண்டும். மும்பையில் 2011-ல் பெண்கள் அமைப்புகள் இந்த அநீதியை எதிர்த்து இயக்கம் நடத்தின. நாடக ஆசிரியர் பெர்னாட் ஷா 1897 முதல் லண்டனில் செயிண்ட் பாங்கராஸ் வட்டார மன்றத்தின் உறுப்பினராக இருந்தபோது, பெண்களுக்கும் பொதுக் கழிப்பிடம் வேண்டும் என்று வாதாடினார். அதற்குக் கிளம்பிய எதிர்ப்போ கொஞ்சநஞ்சமன்று. நூறாண்டுக்கு மேலாகியும் வாதம் இன்னும் ஓயவில்லை.

இதனை ஒரு சிறு கணக்கால் விளக்குவோம். கீழ்க்காணும் தொகைகள் கணக்கிற்காக நாம் வைத்துக்கொண்டவை. ஒரு வளாகத்தைக் காக்கத் துப்புரவுப் பணியாளர் ஊதியம் 10,000 ரூபாய், மின்சாரம் 1,500, தண்ணீரும் பழுதுபார்த்தலும் 2,000, சோப்பு, பிளீச்சிங் பவுடர், துடைப்பம் முதலியன 1,500, தொட்டி சுத்தம் செய்வதற்கு மாதச் சராசரி 1,000 என வைத்துக்கொள்வோம். ஆக மாதம் 16,000 ரூபாய்.

முதல் வழி: முறைக்கு 2 ரூபாய் கட்டணம். தாயும் இரண்டு பெண்மக்களும் உள்ள ஒரு கூலிக் குடும்பம், ஆளுக்கு நாளைக்கு இருமுறை சென்றால், மாதத்துக்கு 180 முறை. செலவு 360 ரூபாய். இத்தகைய 44 ஏழைக் குடும்பங்களே ஏறக்குறைய முழுச் செலவையும் சுமந்துவிடும்.

இரண்டாம் வழி: ஊரில் 800 வீடுகள் இருந்தால், செலவை எல்லாருக்கும் பங்கிடுவது. வீட்டுக்கு மாதம் 20 ரூபாய். அதாவது ஆண்டுக்கு 240 ரூபாய்.

ஊர் முழுவதும் ஆளுக்குக் கொஞ்சமாகத் தாங்கக்கூடிய சுமையை, வீட்டில் கழிப்பறை இல்லாத ஏழையின் தலையில் மட்டும் ஏற்றுவதே முதல் வழி. "எங்கள் வீட்டில் கழிப்பறை இருக்கிறது, நாங்கள் ஏன் கொடுக்க வேண்டும்?" என்று கேட்போர் உண்டு. திறந்தவெளியில் கழிக்கும் மலத்தில் அமர்ந்த ஈ எந்த வீட்டுச் சோற்றிலும் வந்து அமரும். காலராவும் வயிற்றுப்போக்கும் வீட்டு வரி ரசீதைப் பார்த்துவிட்டு உள்ளே நுழைவதில்லை.

அதனால் கட்டணமே கூடாது என்று முடிவு கட்டிவிடவும் வேண்டாம். கட்டணப் பணம் யார் கைக்குப் போகிறது என்பதே முக்கியம். பேருந்து நிலையங்களில் வசூல் உரிமையை ஆண்டுதோறும் ஏலம் விடுவது வழக்கம். அதிகத் தொகை கேட்டவர் எடுத்துக்கொள்வார். போட்ட பணத்தை எடுக்க வேண்டுமே என்ற கவலையில் துப்புரவுச் செலவைக் குறைத்துவிடுவார். காக்க வேண்டிய கழிப்பிடம் அங்கே காசு காய்க்கும் மரமாகிவிடுகிறது.

இதற்கு மாறாகத் திருச்சிராப்பள்ளியில் நடந்ததைப் பாருங்கள். அங்குள்ள குடிசைப் பகுதிகளில், கிராமாலயா என்னும் தொண்டு நிறுவனத்தின் துணையோடு, மாநகராட்சிக் கழிப்பிடங்களைப் பெண்கள் குழுக்களே நடத்த முன்வந்தன. முறைக்கு 50 பைசா கட்டணம். வசூலும் கணக்கும் அத்தெருப் பெண்களின் கையில். மிச்சப் பணம் அந்த இடத்தின் நன்மைக்கே செலவாயிற்று. 2002-ல் கல்மந்தைப் பகுதி, திறந்தவெளியில் மலம் கழிக்கும் வழக்கமற்ற குடியிருப்பாக அறிவிக்கப்பட்டது. அதே மாவட்டத்தில் காவிரிக் கரையிலுள்ள முசிறியிலும் நிலத்தடி நீர் மேலேயே நிற்கும். எனவே ஸ்கோப் என்னும் தொண்டு நிறுவனம் 2006-ல் கழிவை உரமாக்கும் பொதுக் கழிப்பிடத்தை அமைத்தது. பயன்படுத்தியவருக்கு முறைக்குப் பத்து பைசா கொடுத்த அதிசயமும் அங்கே நிகழ்ந்தது! மரக்காணத்தின் மண்ணுக்கும் நீருக்கும் முசிறியிடமிருந்து கற்க வேண்டியவை உண்டு.

உப்பளத்தில் யார் பொறுப்பு?

இப்போது உப்பளத்துக்குத் திரும்புவோம். அரசியலமைப்பில் உப்பு உற்பத்தி மத்திய அரசுப் பட்டியலில் 58-வது இனம். உள்ளாட்சியும் பொதுச் சுகாதாரமும் மாநிலப் பட்டியலில் 5, 6-வது இனங்கள். வேலையில் அமர்த்துவோரோ தனியார். ஒரு பெண்ணின் ஓர் எளிய தேவை இம்மூவருக்கும் நடுவில் விழுந்து காணாமற்போகிறது.

1948-ம் ஆண்டுத் தொழிற்சாலைச் சட்டம், ஆண்களுக்கும் பெண்களுக்கும் தனித்தனிக் கழிப்பறை வைக்கும்படி முதலாளிகளுக்குக் கட்டளையிட்டது. உப்பளம் கூரையில்லாத வெறும் நிலந்தானே, அது எப்படித் தொழிற்சாலையாகும் என்று ஒரு வழக்கு எழுந்தது. கடல்நீரை உப்பாக்குவது உற்பத்தித் தொழிலே. கட்டடமில்லாத நிலமும் தொழிற்சாலையாகலாம் என்று 1961-ல் உச்ச நீதிமன்றம் தீர்ப்பளித்தது. அச்சட்டத்தின் இடத்துக்கு வந்துள்ள 2020-ம் ஆண்டுத் தொழிலாளர் பாதுகாப்புத் தொகுப்புச் சட்டமும் தனித்தனிக் கழிப்பறைகளை வற்புறுத்துகிறது.

ஆயினும் குறிப்பிட்ட எண்ணிக்கையில் ஆட்கள் வேலை செய்தால்தான் ஓரிடம் தொழிற்சாலை எனக் கருதப்படும். சில பாத்திகளை மட்டும் வைத்து நடத்தும் சிறிய அளம் அந்த எண்ணிக்கைக்குள் வராது. அங்கே உழைக்கும் பெண்ணுக்கு உள்ளாட்சி மன்றமே கதி. உப்பளப் பாதைகள் சாலையைத் தொடும் இடங்களில் பேரூராட்சியோ ஊராட்சியோ கழிப்பறை அமைக்கலாம்; அளம் நடத்துவோரிடம் பராமரிப்பில் ஒரு பங்கைக் கேட்கலாம். ஊர்ப் பொதுக் கழிப்பறைகளுக்கு 35 ஆண்களுக்கு ஒன்று, 25 பெண்களுக்கு ஒன்று என்பது தூய்மை இந்தியா திட்டத்தின் நகர்ப்புற அளவுகோல். பெண்களுக்குக் கூடுதலாக வேண்டும் என்பதை அரசே ஒப்புக்கொண்ட கணக்கு இது.

துப்புரவு செய்யும் கைகள்

பணத்தைப் பற்றிப் பேசும்போது மனிதரை மறந்துவிடலாகாது. கழிப்பிடச் செலவில் பெரும்பகுதி துப்புரவுப் பணியாளரின் ஊதியம். செலவைக் குறைக்க வேண்டும் என்றவுடன் பலர் முதலில் கைவைப்பதும் அதில்தான். 1901-ல் கல்கத்தாவில் நடந்த காங்கிரஸ் மாநாட்டில் அசுத்தமாகக் கிடந்த கழிப்பிடத்தைத் தாமே துடைப்பம் எடுத்துச் சுத்தம் செய்தார் காந்தியடிகள். மனிதர் கையால் மலம் அள்ளுவதை 1993, 2013-ம் ஆண்டுச் சட்டங்கள் தடை செய்தன. இருந்தும் மலக்குழிகளில் இறங்கி மாண்டோர் பலர். அத்தகைய மரணத்துக்கு 30 லட்சம் ரூபாய் இழப்பீடு வழங்க வேண்டும் என்று 2023-ல் உச்ச நீதிமன்றம் ஆணையிட்டது. நியாயமான கூலி, கையுறை, காலுறை, குழிக்குள் ஆளை இறக்காத இயந்திரம் ஆகிய மூன்றும் கழிப்பிடத்தின் விலையில் சேர்ந்தவையே. அவற்றை ஒதுக்கிவிட்டுப் போடும் கணக்கு பொய்க் கணக்கு.

நாம் செய்யக்கூடியவை

கிராம ஊராட்சிகளில் 2022 முதல் ஆண்டுக்கு ஆறு நாட்கள் கிராம சபை கூடுவதென ஏற்பாடாகியுள்ளது: ஜனவரி 26, மார்ச் 22, மே 1, ஆகஸ்டு 15, அக்டோபர் 2, நவம்பர் 1. ஊரின் வரவு செலவுக் கணக்கு அங்கே வைக்கப்பட வேண்டும். பேரூராட்சிகளிலும் பகுதி சபைகள் உண்டு. நாம் வாக்காளர் அல்லர். ஆயினும் நம் அன்னையர் வாக்காளர்கள். "கழிப்பிடத்துக்கு ஒதுக்கிய தொகை எவ்வளவு? பராமரிப்புக்கு எவ்வளவு? சாவி யாரிடம்?" என்னும் மூன்று கேள்விகளை ஒரு தாளில் எழுதி அவர்களிடம் கொடுக்க நம்மால் முடியும். பதில் கிடைக்காவிடில், 2005-ம் ஆண்டுத் தகவல் அறியும் உரிமைச் சட்டத்தின் கீழ் பத்து ரூபாய் கட்டணத்தில் எழுதிக் கேட்கலாம்.

தமிழக உள்ளாட்சிகளில் பெண்களுக்குப் பாதி இடங்களை ஒதுக்க 2016-ல் சட்டம் வகை செய்தது. பெண்கள் இத்தனை பேர் அமரும் மன்றத்தில் பெண்களின் தேவையைக் கூறக் கூச்சம் எதற்கு? பெற்றோருக்கும் ஒரு வேண்டுகோள். வீட்டு வரியைக் காலத்தில் செலுத்துங்கள். வரி கட்டியவர் கேட்கும் கேள்விக்குத் தனி வலிமை உண்டு. மாணவியராகிய நாமும் பொதுக் கழிப்பிடத்தைப் பயன்படுத்தும்போது, அடுத்து வருபவர் நம் சகோதரி என்ற எண்ணத்தோடு தண்ணீர் ஊற்றிவிட்டு வர வேண்டும். அதற்கு எந்த மானியமும் தேவையில்லை.

முடிவுரை

கழிப்பிடம் கட்டும் பணம் டில்லியிலிருந்தும் சென்னையிலிருந்தும் வரலாம். அதனை நாளை காலையும் திறந்து, கழுவி, விளக்கேற்றி வைக்கும் பணம் நம் ஊரிலிருந்துதான் வர வேண்டும். எனவே புதிய வளாகத்துக்கு மனு எழுதுவோர், அதன் மாதச் செலவுக்குரிய வழியையும் அதே மனுவில் எழுதிக் கேட்க வேண்டும். உப்பில்லாப் பண்டம் குப்பையிலே என்போம். நம் பண்டத்துக்கு உப்பு விளைவிக்கும் பெண், அச்சமின்றி ஒரு குவளைத் தண்ணீர் அருந்தும் நாளே மரக்காணம் கடற்கரைக்கு நன்னாள்.

சிந்திக்க:

1. உங்கள் ஊர் கிராம ஊராட்சியா, பேரூராட்சியா, நகராட்சியா? கழிப்பிடம் பற்றிய மனுவை யாருக்கு எழுதுவீர்கள்?

2. உங்கள் ஊரில் 500 வீடுகளே இருந்தால், மேலே கூறிய 16,000 ரூபாய்ச் செலவில் வீட்டுக்கு மாதம் எவ்வளவு வரும்?

3. உங்கள் ஊர்ப் பேருந்து நிலையத்தில் ஆண்களிடமும் பெண்களிடமும் ஒரே கட்டணம் வாங்கப்படுகிறதா? பெற்றோரிடம் கேட்டு அறிக.